புயலின் கண்ணும் பக்கத்து வீட்டு மாமாவும்

நான் இருக்கும் வெஸ்ட்லி, ஒஸ்லோ சுரங்க ரயிலின் கடைசித் தரிப்பு. நாலாம், ஐந்தாம் இலக்க ரயில்கள் இங்கே வந்துதான் திரும்பும். நகரத்தின் நடுவில் மழையில் நனைந்து ரயிலேறி இங்கே வந்து இறங்கினால் பனி கொட்டிக்கொண்டிருக்கும். முதல் வருடம் இதைப் பார்த்து, "அகதிக்கு மட்டும் இப்படியொரு வஞ்சகமோ" என்று நினைத்ததுண்டு.

பிறகுதான் விளங்கியது. வெஸ்ட்லி நகரமத்தியைவிட ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 100 மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குக் கொஞ்சம் கூடக் குளிரும். கீழே ஒரு பாகை, மேலே சுழியம். மழை பனியாவதற்கு அது போதும். காற்று அசையாத தை மாதத் தெளிந்த இரவுகளில் இந்தக் கணக்கு சிலவேளை தலைகீழாகும். பாரமான குளிர்காற்று குறூருட் பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்கிவிடும். அப்போது மேலே இருக்கும் எங்களுக்குக் குளிர் குறைவு. கீழே இருப்பவர்கள் விறகுப் புகையையும் வாகனப் புகையையும் சேர்த்துச் சுவாசிப்பார்கள்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது பள்ளிக்கூடம் அல்ல. எங்கள் மாடியில் இருந்த ஒரு நோர்வேக் கிழவர், லிப்ற்றுக்குள் நின்றபடி சொன்னார். முன்பின் தெரியாதவனுடன் நோர்வேக்காரன் கதைக்கும் ஒரே விசயம் காலநிலைதான் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதானே.

இப்போது நானும் அந்தக் கிழவர் மாதிரி ஆகிவிட்டேன். விடிந்தால் முதலில் கைத்தொலைபேசியில் காலநிலைதான் பார்ப்பேன். மகன் சிரிப்பான். இந்த விசர் எங்கே தொடங்கியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1978ம் ஆண்டு நவம்பர் 23. எனக்கு ஒன்பது வயது. மட்டக்களப்பில் எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டிருந்தன. அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் படுத்திருந்தா. வடக்கே இருந்து வந்த காற்று, பேய் கத்துவதுபோல் கத்தியது. பிறகு திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை.

பக்கத்து வீட்டு மாமா அரிக்கன் லாம்போடு முற்றத்தில் நின்று, "முடிஞ்சுது, நான் மாட்டைப் பாத்திட்டு வாறன்" என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவும் எழும்பினார். அம்மா அவரது சாரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரிந்து அல்ல, பயத்தில்.

கொஞ்ச நேரத்தில் காற்றுத் திரும்பி வந்தது, இந்த முறை தெற்கே இருந்து. விடிந்தபோது மாமாவைத் தென்னைமரத்துக்குக் கீழே கண்டெடுத்தார்கள்.

அந்தப் புயலில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் பாய் விரித்ததுபோல் கிடந்தன. "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்று றேடியோவில் சொன்னார்கள்தான். ஆனால் அதை ஒவ்வொரு கார்த்திகையிலும்தான் கேட்டோம். எங்களுக்கு அது பள்ளிக்கூடம் லீவு விடுவார்களா என்ற கேள்வி மட்டும். புயலுக்கு நடுவில் கண் என்று ஒன்று இருக்கிறது, அது தலைக்கு மேலால் போகும்போது அமைதியாக இருக்கும், பிறகு எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும், ஆகவே வெளியே வராதே. இதை மாமாவுக்கு முதலே யாராவது சொல்லியிருந்தால் அவர் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பார்.

சரி, நோர்வேக்கு வருகிறேன்.

1989ல் வந்து வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தொலைக்காட்சியில் ஒரு மனிதர் வரைபடத்தைக் காட்டி "கால்ட்புரொன்ட்", "வார்ம்புரொன்ட்" என்பார். மொழி தெரியாத எனக்கு விளங்கியது "புரொன்ட்" மட்டும்தான். போர்முனையிலிருந்து தப்பி வந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்! இங்கேயும் சண்டையோ என்று கூட இருந்தவரைக் கேட்டு, வருடக் கணக்காக அந்தப் பகிடியைச் சுமந்தேன்.

ஆனால் நான் நினைத்தது முழுப் பிழையும் அல்ல. 1917ல் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து நோர்வேயின் பேர்கன் நகருக்கு வந்தார். முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய காலநிலைத் தந்திகள் நின்றுபோயின. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு, விவசாயிகளுக்கு மழை எப்போது என்று தெரியவேண்டும். 1918 கோடையில் அவரும் அவரது மகன் யாக்கொப் உட்பட்ட இளைஞர்களும் கரையோரம் முழுக்கக் கண்காணிப்பாளர்களைச் சேர்த்தார்கள். மீன்பிடிப்பவர்களும் வெளிச்சவீட்டுக்காரர்களும் வானத்தைப் பார்த்துத் தகவல் சொன்னார்கள். அந்தத் தகவல்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோதுதான், குளிர்காற்றும் சூடான காற்றும் ஒரு கோட்டில் மோதுவது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு வைத்த பெயர், யுத்தத்திலிருந்து எடுத்த பெயர்: "புரொன்ட்". உலகம் முழுக்க இன்றும் அந்தச் சொல்தான்.

சாதாரண சனத்தின் கண்கள் இல்லாமல் இந்த விஞ்ஞானம் இந்த இடத்துக்கு வந்திருக்காது.

1992 புத்தாண்டு தினத்தில் மேற்குக் கரையை ஒரு பெரும்புயல் தாக்கியது. அதன்பின் 1995 தொடக்கம் கடும் காலநிலைக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். பெயர் இருந்தால் சனம் நினைவில் வைக்கும். 2018 முதல் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என எச்சரிக்கை நிறங்கள். நிறத்தோடு என்ன நடக்கலாம், நீ என்ன செய்யவேண்டும் என்பதும் வரும். 2023 ஒகஸ்டில் "ஹன்ஸ்" வந்தபோது நாங்கள் சிவப்பைப் பார்த்தோம்.

நான் பைத்தியமாகிக் கிடக்கும் "யூர்" சேவையை வானிலை நிறுவனமும் அரச தொலைக்காட்சியும் சேர்ந்து 2007ல் தொடங்கின. யூர் என்றால் தூறல். காசில்லை. வெஸ்ட்லியும் பார்க்கலாம், மட்டக்களப்பும் பார்க்கலாம். 2018 முதல் வீடுகளில் சனம் வாங்கி வைத்த "நெற்றற்மோ" கருவிகளின் வெப்பநிலையையும் இதற்கு எடுக்கிறார்கள். மகன் ஒன்று வாங்கி வெயில் படும் இடத்தில் வைத்தான். அது ஒரு மத்தியானம் 38 பாகை காட்டியது! அயல்வீட்டுக் கருவிகளோடு ஒப்பிட்டு இப்படியான பொய்களைக் கணினி கழித்துவிடுமாம். அவனுக்கு வெட்கம். உடனே நிழலுக்கு மாற்றினான். பியர்க்னெஸின் மீன்பிடிகாரர் வேலையை இப்போது என் மகன் பார்க்கிறான்.

இனி அக்காவின் கதை. அவ இன்னும் ஊரில்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை மூழ்கடித்தது. அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அது வரும் முன்னர் அக்கா கூப்பிட்டா. வட்ஸ்அப்பில் யார் யாரோ குரல் அனுப்புகிறார்கள், ஒன்று கடல் வருகுது என்கிறது, மற்றது ஒன்றுமில்லை என்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் விரிவுரையாளர் நாகமுத்து பிரதீபராஜா வடக்கு கிழக்குக்குத் தமிழில் முகநூலில் எழுதிவரும் வானிலைக் குறிப்புகளைத்தான் நான் நம்பிப் படிக்கிறேன், அதை அனுப்பினேன். அக்கா வாசித்துவிட்டுக் கேட்டா:

"தம்பி, 200 மில்லிமீற்றர் எண்டா எவ்வளவு கா?"

ஒரு கணம் எனக்கு மாமாவின் லாம்பு கண்ணுக்குள் வந்தது. இத்தனை வருடம் எண்களைப் பார்த்தேனே தவிர, இதைச் சொல்லிக் கொடுக்க நினைக்கவில்லை.

"அக்கா, உங்கட முற்றம் பத்து மீற்றருக்குப் பத்து எண்டு வையுங்கோ. ஒரு மில்லிமீற்றர் மழை எண்டா ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 200 எண்டா முற்றத்தில மட்டும் இருபதாயிரம் லீற்றர். உங்கட கறுப்புத் தண்ணித் தாங்கி ஆயிரம் லீற்றர்தானே? இருபது தாங்கியை முற்றத்தில ஊத்தினமாதிரி. வயல்ப் பக்கமிருந்து வாற தண்ணி வேற."

மறுமுனையில் சத்தமில்லை. பிறகு சொன்னா, "அப்ப நான் உறுதியையும் ஐடென்ரிகாட்டையும் எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் சின்னம்மா வீட்ட போறன்."

போனா. வீட்டுக்குள் முழங்கால் வரை வெள்ளம் வந்தது. அலுமாரி போய்விட்டது. அக்கா இருக்கிறா.

போன கிழமை பேசும்போது சொன்னா, அடுத்த மழை அறிவித்தல் வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலியால் எட்டிப் பார்த்து, "மாமி, இது எத்தனை தாங்கி?" என்று கேட்டதாம்.