தண்ணீரில் ஒரு களரி

சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நடத்தப்படும் கலை நிகழ்ச்சிகளின் மீது எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. கொழும்பில் பத்திரிகையாளனாக இருந்த காலத்தில், நட்சத்திர விடுதிகளில் இரவு உணவோடு சேர்த்துப் பரிமாறப்படும் நடனங்களைச் செய்திக்காகப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆடுகிறவர் முகத்திலும் பார்க்கிறவர் முகத்திலும் ஒரே அளவு சோர்வு தெரியும். ஆகவே, வியட்நாமின் தலைநகரான ஹனோயில் நீர்ப்பொம்மலாட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கியபோதும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

பயணத்தில் என்னோடு வந்தவர் கல்முனையைச் சேர்ந்த நண்பர். வயதில் மூத்தவர் என்பதால் காக்கா என்றே அழைப்பேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், அதைவிட முக்கியமாக, நெல் விவசாயி. நான் திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்துக்காரன். இருவருக்கும் இடையில் மதம் வேறு, ஊர் வேறு. கடலும் வயலும் மட்டும் ஒன்று.

ஹனோய் நகரின் நடுவே ஹோவான் கியெம் என்றொரு ஏரி இருக்கிறது. அதன் கரையோரத்தில், 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாங் லோங் நீர்ப்பொம்மலாட்ட அரங்கு உள்ளது. உள்ளே மேடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளம். பச்சையும் கறுப்பும் கலந்த கலங்கல் தண்ணீர். அதன் பின்புறம் கோயில் மண்டபம் போன்ற ஓடு வேய்ந்த அமைப்பு. மண்டபத்தின் முன்னே தண்ணீர் வரை தொங்கும் மூங்கில் திரை. பக்கத்தில் மேளக்காரர்களும் பாடகர்களும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒற்றை நரம்புள்ள ஒரு வாத்தியம் இருக்கிறது. டான் பாவ் என்று பெயர். ஒரே நரம்பிலிருந்து மனிதர் விம்முவதைப் போன்ற ஓசையை அது எழுப்புகிறது.

விளக்கு அணைந்ததும் தண்ணீரைப் பிளந்துகொண்டு முதலில் வருபவர் சூ தேயு என்ற கோமாளி. உருண்டை வயிறு, திறந்த மார்பு, வாய் நிறையச் சிரிப்பு. வந்தவர் சபையை வணங்குகிறார், கதை சொல்கிறார், ஊர்ப் பெரியவர்களைக் கேலி செய்கிறார். மொழி புரியவில்லை என்றாலும் ஆளைப் புரிந்தது. நமது கூத்துக் களரியில் அரசன் வருமுன்னே வந்து வரவு கூறும் கட்டியகாரனின் உடன்பிறப்பு அவர்.

பின்னர் வந்தவை சிறுசிறு காட்சிகள். எருமையின் முதுகில் குழலூதும் சிறுவன், உழவு, நாற்று நடுகை, தவளை பிடித்தல், தூண்டில் போடுதல், வாத்துகளைக் காக்க நரியைத் துரத்தும் கிழவனும் கிழவியும். ஒவ்வொன்றும் சில நிமிடங்களே. காக்கா என் காதருகே குனிந்து, "தம்பி, இது நம்மட வட்டைதானே! போடியார மட்டுந்தான் காணல்ல" என்றார். சற்று நேரத்தில், பரீட்சையில் தேறிய பண்டிதர் ஒருவர் குடையும் கொடியும் சூழ ஊர் திரும்பும் காட்சி வந்தது. "அந்தா வாறார்" என்றார் காக்கா. எங்கள் வரிசையே திரும்பிப் பார்க்கும்படி நாங்கள் சிரித்தோம்.

வட்டை என்பது எங்கள் பகுதியில் நெல்வயற் பரப்பைக் குறிக்கும் சொல். காக்காவின் சொல்லில் நகைச்சுவை மட்டும் இல்லை. இந்தக் கலை பிறந்தது வயலில்தான். வடக்கு வியட்நாமின் செந்நதிப் படுகையில் வெள்ளம் பெருகும் காலத்தில் வயல்களும் ஊர்க்குளங்களும் ஒன்றாகிவிடும். தண்ணீர் வடியக் காத்திருக்கும் உழவர்கள் அந்தத் தண்ணீரையே மேடையாக்கினார்கள். ஹா நாம் பகுதியில் உள்ள டொய் விகாரையில் 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மன்னன் முன்னிலையில் மூன்று மலைகளைச் சுமந்தபடி தண்ணீரில் நீந்திய பொன்னாமையை அது வருணிக்கிறது. நீர்ப்பொம்மலாட்டத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றாக அதையே காட்டுகிறார்கள். சோழ நாட்டை விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

பொம்மைகள் அத்தி மரத்தில் செதுக்கப்படுகின்றன. நம் ஊர்களிலும் உள்ள அதே அத்திதான். இலேசான மரம், மிதக்கும். தண்ணீர் ஊறாதிருக்க அரக்குப் போன்ற மரப்பாலைப் பல அடுக்குகளாகப் பூசுகிறார்கள். பொம்மையின் அடியில் நீண்ட கழி ஒன்று தண்ணீருக்குள்ளேயே பின்னோக்கி, மூங்கில் திரையின் மறைவு வரை செல்கிறது. அங்கே இடுப்பளவு நீரில் நின்றபடி ஆட்டுவிக்கிறார்கள். தலை திரும்புவதும் கை உயர்வதும் கழியோடு ஓடும் நூல்களால். அந்த நூல்களையும் கழியையும் கலங்கல் நீர் மறைத்துவிடுகிறது.

மரப்பாவையை நூலால் இயக்கி உயிருள்ளதெனக் காட்டும் வித்தையை 1020ஆம் குறளில் திருவள்ளுவர் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் நூல்கள் ஆட்டுவிப்பவரின் தலையில் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து தொங்கும். அவர் தலை அசைய, பொம்மை அசையும். அங்கே கலைஞன் மேலே நின்று இயக்குகிறான். வியட்நாமிலோ பொம்மை நிற்கும் அதே நீரில் தானும் நிற்கிறான்.

நடுவில் ஒரு காட்சியில் நெருப்பும் நீரும் உமிழும் கடல்நாகங்கள் வந்தன. வாலை அடித்துத் தண்ணீரை முன்வரிசை மீது தெளித்தன. வெளிநாட்டுக் குழந்தைகள் கூச்சலிட்டுச் சிரித்தனர். காக்கா சிரிக்கவில்லை. தரையில் கிடந்த தம் கால்களை மெல்ல இருக்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எங்கள் கரைக்கு வந்த தண்ணீர் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுசென்றது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அதுதான். தண்ணீர் அசைந்தால் கால் தானாக உள்ளே போகிற தலைமுறை நாங்கள்.

இறுதிப் பகுதியில் லே லொய் மன்னனின் கதை வந்தது. 15ஆம் நூற்றாண்டில் சீன மிங் அரசின் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு வென்றவர் அவர். வெற்றிக்கு உதவிய மந்திர வாளை, இந்த ஏரியில் எழுந்த ஆமை திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டதாக ஐதிகம். 'வாளைத் திருப்பிய ஏரி' என்பதே ஹோவான் கியெம் என்பதன் பொருள். ஏரியில் உண்மையாகவே வாழ்ந்த கடைசி ஆமை 2016 ஜனவரியில் இறந்துபோயிற்று. மர ஆமை மட்டும் நாள்தோறும் வந்து வாளைக் கவ்விச் செல்கிறது.

ஏறத்தாழ ஐம்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மூங்கில் திரை உயர, ஆட்டுவித்தவர்கள் நீரில் நின்றபடி வணங்கினார்கள். அவர்களுள் பெண்களும் இருந்தார்கள். எங்களோடு வந்த வழிகாட்டி, இது முன்பு நடக்கக்கூடிய காரியமே அல்ல என்றார்.

பழங்காலத்தில் இக்கலை கிராமத்துக்குக் கிராமம் தனித்தனிக் குழுக்களின் உடைமையாக இருந்தது. கழியின் அமைப்பும் நூல் கட்டும் விதமும் குழுவின் இரகசியங்கள். சத்தியம் செய்த பின்னரே ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில்லை. வேற்றூருக்கு மணமாகிப் போனால் இரகசியமும் உடன் போய்விடும் என்ற அச்சம். குளிரிலும் அட்டைக்கடியிலும் மணிக்கணக்காக நின்று கட்டிக்காத்த அறிவு அது. ஆனால், அப்படிக் காத்ததில் ஓர் ஆபத்தும் இருந்தது. தெரிந்தவர் இறந்தால் வித்தையும் அவரோடு இறந்துவிடும்.

1956ஆம் ஆண்டு வட வியட்நாம் அரசு ஹனோயில் பொம்மலாட்டத்துக்கென ஓர் அரங்கை நிறுவியது. கிராமத்து வித்தைகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, வெளியாருக்கும் பின்னர் பெண்களுக்கும் கற்பிக்கப்பட்டன. போர் நடந்த ஆண்டுகளிலும் பணி நிற்கவில்லை. தாங் லோங் அரங்கே போர்க்காலத்தில் பிறந்ததுதான். ஹனோய் புறநகரில் உள்ள டாவ் துக் போன்ற சிற்றூர்களில் உழவர்களே இன்றும் தங்கள் குளத்தில் ஆடுகிறார்கள். நான் பார்த்த ஐம்பது நிமிடம் வெளியாருக்காகச் சுருக்கப்பட்டதுதான். ஆயினும் சுருக்குவதற்கு ஒன்று மிஞ்சியிருந்தது, பூட்டைத் திறந்துவிட்டதனால்.

1956 என்ற ஆண்டு நம் நாட்டிலும் நினைக்கத்தக்கது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டு அது. அதே ஆண்டில்தான் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் கொழும்பில் மேடையேறியது. நவீன சிங்கள நாடகத்தின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் அதன் வடிவம் நாடகம என்ற கிராமியக் கூத்து; அந்த நாடகமவின் வேரோ தமிழ்க் கூத்து. தெற்கே அம்பலாங்கொடையின் பொம்மலாட்டக் குடும்பங்களும் நாடகமவின் கதையையும் இசையையும் எடுத்துக்கொண்டன. இலங்கையின் அந்த நூற்பாவைக் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நம்மிடமிருந்து போன ஒன்று வேறு மொழியில், மரப்பாவையின் உடலில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

சரச்சந்திரவின் முயற்சியைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்' 1962லும் 'இராவணேசன்' 1964லும் வந்தன. இரவு முழுவதும் ஆடுவது ஒன்றரை மணி அளவுக்குச் சுருங்கியது. சுருக்கியது சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதில் இரு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. நான் சொல்ல விரும்புவது வேறு. மேடை கிடைத்தது; கிராமத்துக் களரிக்கு அத்தகைய காவல் கிடைக்கவில்லை.

கூத்து என்பது அரங்கேறும் ஓரிரவு மட்டுமன்று. அறுவடை முடிந்த கையோடு சட்டங்கொடுத்து, மாதக் கணக்கில் நிலவொளியில் பழகி, சதங்கை அணிந்து, பிறகே அரங்கேற்றம். இரவுகளை நம்பி வாழும் கலை. போர் எங்களிடமிருந்து முதலில் பறித்தது இரவுகளைத்தான். சிறுவயதில் அயல் தமிழ்க் கிராமத்துக்குப் பாயோடு போய்ப் படுத்துக் கூத்துப் பார்த்ததைக் காக்கா அன்று நினைவுகூர்ந்தார். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பொல்லடி பார்க்க நாங்களும் போயிருக்கிறோம். ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால்வைக்க அஞ்சிய ஆண்டுகள் இடையில் வந்தன. பார்வையாளன் வராத கலையும் பாதி இறந்த கலைதான்.

எஞ்சியதைக் கடல் தேடி வந்தது. எனக்குத் தெரிந்த அண்ணாவியார் ஒருவர் கடற்கரையோரம் குடியிருந்தார். அவருடைய தகப்பனார் ஏட்டிலிருந்து பார்த்தெழுதிய கூத்துக் கொப்பிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எவருக்கும் கொடுக்கமாட்டார். கேட்டால், "பாட்டு வெளியே போனால் களரி வெளியே போயிடும்" என்பார். அவர் பிழைத்தார், பெட்டி போயிற்று. பின்னர் பேரனை உட்காரவைத்து, நினைவில் நின்றதைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். வடமோடிக் கூத்து ஒன்றில் பாதிக்கு மேல் வந்தது. மற்றையதில் வரவுப் பாட்டுகள் மட்டும். அவரைக் குறைசொல்ல நான் யார்? வியட்நாமியக் கிராமத்தார் மகளுக்கு மறைத்த காரணமும் அதுவே. மதிப்புள்ளது என்பதனால்தான் மறைத்தார்கள். ஆனால், தண்ணீர் பெட்டியின் மதிப்பைப் பார்ப்பதில்லை.

ஹனோயிலிருந்து திரும்பிய பின் காக்கா தம் பங்குக்கு ஒரு வேலை தொடங்கினார். தம் வட்டையில் முன்பு சூடு மிதிக்கும்போது பாடப்பட்ட பொலிப் பாட்டுகளையும் தம் உம்மாவின் தலைமுறைப் பெண்கள் பாடிய கவிகளையும் ஊர் மூத்தவர்களைச் சொல்லவைத்துக் கைத்தொலைபேசியில் பதிந்துவருகிறார். உழவு இயந்திரம் வந்த பிறகு எருமை போயிற்று. எருமையோடு பாட்டும் போயிற்று. எண்பதைத் தாண்டியவர்களிடமே இன்னும் சில அடிகள் இருக்கின்றன.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தொறொன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ இருக்கலாம். ஊரை விட்டு வந்தபோது அப்பா கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு கூத்துக் கொப்பி இருக்கலாம். ஒரு சதங்கை அணி விழாவின் அழைப்பிதழ், ஒரு பழைய ஒலிநாடா இருக்கலாம். அதை எடுத்துப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்க்கும் 'நூலகம்' என்ற இணையத் திட்டம் 2005 முதல் இயங்கிவருகிறது. அதற்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உறவினரின் பிள்ளைக்கு இன்னொரு பிரதி கொடுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.