பெயர் முதலில் வரட்டும்

இணையப் பக்கத்து அட்டவணையில் கட்டங்களைப் பிடித்து வைத்திருக்கும் நெடுவரிசை என்று எதுவுமே இல்லை. எச்டிஎம்எல் மொழி அட்டவணையைக் கிடைவரிசை கிடைவரிசையாகத்தான் எழுதுகிறது; கட்டங்கள் அந்த வரிசைகளுக்குள் இருக்கின்றன. மூன்றாவது கட்டங்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுவதால் நம் கண் அதை நெடுவரிசை என்கிறது. (கணிதப் பாடத்தில் நெடுவரிசைக்கு ‘நிரல்’ என்று பெயர். கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பும் ‘நிரல்’தான். நிரலால் நிரலை நகர்த்தினேன் என்று எழுதினால் வாசகர் என்னை மன்னிக்க மாட்டார்.)

எங்கள் தமிழ்க் கழக உறுப்பினர் பட்டியலில் எண், மெட்ரிக் எண், துறை, ஆண்டு, தந்தை பெயர், பெயர், கைப்பேசி என்று ஏழு நெடுவரிசைகள். செயலாளர் அண்ணனுக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மென்பொருள் படிக்க, காதால் கேட்டு வேலை செய்வார். நிகழ்ச்சிகளுக்கு உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைப்பது அவர் பொறுப்பு. ஒருவரின் பெயர் காதில் விழுமுன் ஐந்து கட்டங்களைக் கேட்டாக வேண்டும். செயற்குழுக் கூட்டத்தில் ஒருவர், “அண்ணனுக்கு ஏன் சிரமம்? அழைக்கும் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமே” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, பெயரை முன்னால் கொண்டுவர முடியுமா?” என்று கேட்டார்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. சிஎஸ்எஸ் நடைதாளில் வரிசைகளை ஃபிளெக்ஸ் ஆக்கி, கட்டங்களின் ஆர்டர் எண்ணை மாற்றினால் பெயர் முன்னால் வந்து நிற்கும், திரையில் மட்டும். திரைவாசிப்பான் பொதுவாகப் பக்கத்தின் உள்ளமைப்பில் உள்ள வரிசைப்படியே படிக்கும். அண்ணனுக்கு எதுவும் மாறியிருக்காது. ஆகவே கட்டங்களை உள்ளேயே நகர்த்த வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு நான்கைந்து வரிகள் போதும். ஒவ்வொரு வரிசையாகச் சென்று, 5ஆம் கட்டத்தை எடுத்து 0ஆம் கட்டத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால் ஆறாவதாக உள்ள பெயருக்கு எண் 5. இன்சர்ட்பிஃபோர் என்ற கட்டளை இதைச் செய்கிறது. ஏற்கெனவே பக்கத்தில் இருக்கும் கட்டத்தைக் கொடுத்தால் அது நகல் எடுப்பதில்லை, அதையே தூக்கி வந்து வைக்கிறது. பழைய இடத்தில் அழிக்கும் வேலை மிச்சம். தலைப்பு வரிசையும் கணக்கில் வருவதால் அதுவும் கூடவே மாறிவிடும். எங்கள் பட்டியலில் ‘பொறியியல்’, ‘மருத்துவம்’ என்று முழு அகலத்துக்கும் நீளும் ஒற்றைக்கட்ட வரிசைகள் உண்டு. அவற்றில் 5ஆம் கட்டம் ஏது? கட்டங்களை எண்ணிப் பார்த்து அவற்றைத் தாண்டிவிடச் சொல்லாவிட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

கூடவே பெயர்க் கட்டங்களை வரிசைத் தலைப்புகளாகக் குறித்தேன். கைப்பேசி நெடுவரிசையில் கண்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தி இறங்கும்போது, எண்ணோடு அதற்குரியவர் பெயரையும் மென்பொருள் சொல்லிவிடும்.

அடுத்து வந்த பேச்சுப் போட்டிக்கும் அண்ணனே எல்லாரையும் அழைத்தார். பொருளாளருக்கு மட்டும் மெட்ரிக் எண்தான் முதலில் வேண்டுமாம். அவரவர் விரும்பும் வரிசையை அவரவர் உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்து வைத்ததும் அந்த வழக்கு தீர்ந்தது. பிறகு அண்ணன் இன்னொன்று கேட்டார். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்களாம்; தந்தை பெயர் அடுத்து வந்தால் நல்லது என்றார். பெயர் முன்னால் போய்விட்டதால் 5ஆம் இடத்தில் இப்போது இருப்பது தந்தை பெயர். 0ஐ 1 ஆக்கி இன்னொரு முறை ஓட்டினேன்.