இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

மருந்துத் தொழிற்சாலைகளின் தானியங்கி மென்பொருளில் என் வேலை, எதை எழுதி வைக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது. மாத்திரைக்கான குருணையைச் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள் என்றால், உள்ளே போகும் காற்றின் வெப்பம், வெளியே வரும் காற்றின் வெப்பம், காற்றின் அளவு, உலர்த்திய நேரம், தொகுதி எண், பொத்தானை அழுத்தியவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அது முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்தா, ஆம்–இல்லையா என்று வகை சொல்ல வேண்டும். அலகு, எல்லை, எத்தனை நொடிக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. தொகுதி எண்ணை எண் என்று வகைப்படுத்தினால் 00417 என்பது 417 ஆகிவிடும். ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவர் வேறு தொகுதியைக் கையில் எடுப்பார். இப்படிச் சின்ன விடயங்களால் ஆன தொழில் இது. வெளியில் சொன்னால் யாருக்கும் சுவாரசியமாக இராது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு மின்னணுப் பதிவுக் கருவி ஒன்று பொருத்தப்போகிறார்கள், அமைப்புகளை ஒருமுறை வந்து பார் என்று அங்கே வேலை செய்யும் நண்பர் கூப்பிட்டதால் போனேன். கச்சான் காற்று வீசும் மாதம். வெளியில் நின்ற மோட்டார் சைக்கிளின் இருக்கையில் கை வைக்க முடியவில்லை.

பெட்டி மேல்பக்கம் திறக்கிற வகை. சுவருக்குள் பனிக்கட்டி உறைந்திருக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தால் போதும், மிச்சத்தை அந்தப் பனிச்சுவர் பார்த்துக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டபோதும் மிச்சம் பதினொரு மணி நேரம் இருந்தது. வீட்டு பிறிட்ஜ் ஒன்றை நம்பியிருந்தால் கதை வேறு.

பெட்டிக்குப் பொறுப்பானவரை ஊர் ‘மிஸ்’ என்கிறது. எனக்கு அவர் அக்கா. மேசையில் நீள்கோடு போட்ட ஒரு பதிவேடு: திகதி, காலை, மாலை, கையொப்பம், குறிப்பு. இருபத்தைந்து வருடமாக இப்படி எழுதுகிறாராம். எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“காலமை வந்த உடன, மூடி திறக்க முன்னம் பாக்கோணும் தம்பி. திறந்தாப் பிறகு பாத்தா அது பெட்டியின்ர சூடில்லை, அறையின்ர சூடு. வெப்பமானி நடுவில, ஊசி மருந்துக்குப் பக்கத்தில இருக்கோணும். சுவரோட ஒட்டினா அது பனியின்ர கணக்கு.”

எங்கே அளப்பது, எப்போது அளப்பது, எந்த நிலையில் அளப்பது. எங்கள் தொழிற்சாலைகளில் பல பக்க ஆவணமாக எழுதி மூன்று பேர் கையெழுத்திடுகிற விடயம் இது. பெரும்பாலானவற்றில் கருவியின் பெயர் இருக்கும், அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது இராது.

தடுப்பூசி இருக்க வேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள். சனங்கள் பயப்படுவது எட்டுக்கு மேலே போவதைப் பற்றி. அக்காவின் பயம் மறுபக்கத்தில். ஏற்புவலி, கக்குவான், தொண்டைக் கரப்பான், ஈரல் அழற்சி பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் அலுமினிய உப்போடு பிணைந்தவை. ஒருமுறை உறைந்தால் அந்தப் பிணைப்புக் குலையும், பிறகு உருக்கினாலும் பழைய வீரியம் வராது. குலுக்கி வைத்தால் அடியில் சீக்கிரம் படியும். அப்படிப் பார்க்கவும் ஒரு சோதனை இருக்கிறது. குப்பியில் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் உள்ள சதுரம் வெப்பம் பட்ட நேரத்தையெல்லாம் கூட்டிக் கூட்டிக் கருத்துக்கொண்டே போகும். 1996இல் போலியோச் சொட்டு மருந்துக் குப்பிகளில்தான் அது முதலில் வந்தது. ஆனால் உறைந்ததை அந்தச் சதுரம் சொல்லாது. ஆகவே உறைவுக்கென்று தனியாக ஒரு பதிவு வேண்டும்.

இந்தத் துறைக்கென வடிவமைத்த முப்பது நாள் பதிவுக் கருவிகளின் எச்சரிக்கை விதி எனக்குப் பிடித்த ஒன்று. எட்டு பாகைக்கு மேல் தொடர்ந்து பத்து மணி நேரம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மைனஸ் 0.5 பாகையிலோ அதற்குக் கீழோ அறுபது நிமிடம் இருந்தால் இன்னொன்று. வெப்பத்தோடு நேரத்தையும் சேர்த்தே வரையறுத்திருக்கிறார்கள். சூட்டுக்குத் தாராளம், குளிருக்குக் கண்டிப்பு. கிளினிக் நாளில் மூடியைப் பத்துத் தரம் திறப்பார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பொருத்தவிருந்த கருவியின் அமைப்பு வேறு கதை. வெப்பம் முழு எண்ணாகச் சேமிக்கப்படும். ஒரு பாகை மாறினால் மட்டுமே புதிதாக எழுதும். இடத்தை மிச்சப்படுத்தத் தொழிற்சாலைகளிலும் இப்படிச் செய்வதுண்டு, கொதிகலனுக்கு அது போதும். இங்கே? மைனஸ் 0.7 என்பதைத் தசமம் வெட்டி முழு எண்ணாக்கினால் பூச்சியம். முழு எண் வேண்டாம் என்று தசமத்துக்கு மாற்றினாலும், 0.4இலிருந்து மைனஸ் 0.5க்கு இறங்கியது ஒரு பாகைக்குக் குறைவு என்பதால் பதிவே விழாது. கருவி ஒழுங்காக வேலை செய்யும், திரையில் பச்சை விளக்கு எரியும், மருந்து செத்திருக்கும். தசம எண், பத்தில் ஒரு பாகை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுது என்று மாற்றச் சொன்னேன். நினைவகம் இன்றைக்கு மலிவு.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது அக்கா சிரித்தார். 1996இல் கொழும்பு கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே வருடம் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஏ9 வீதி திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டினால் அரை மணி வித்தியாசம். “பத்து மணிக்குக் கூட்டம் எண்டா, பழைய நேரமோ புது நேரமோ எண்டு கேக்கோணும்.” அந்தக் காலத்துப் பதிவேட்டில் ‘8.30’ என்று மட்டும் இருந்தால் அது எந்த எட்டரை? திகதியும் நேரமும் போதாது, எந்த நேர வலயம் என்பதும் பதிவோடு சேர வேண்டும் என்று மென்பொருள்காரர்களிடம் வாதாடுவது பெரும்பாடு. வன்னியில் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பதிவேட்டில் ஓரிடத்தில் பிழையான எண் மேல் ஒற்றைக் கோடு. அடியிலுள்ள எண் வாசிக்கும்படி இருந்தது. பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், திகதி. வெள்ளை மை பூசக்கூடாது என்று பயிற்சிக் காலத்தில் சொல்லித் தந்தார்களாம். 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மின்னணுப் பதிவுகளுக்குக் கொண்டுவந்த விதி, பாகம் 11, கேட்பதும் இதைத்தான்: திருத்தினால் பழையது மறையக்கூடாது, யார், எப்போது என்பது தெரிய வேண்டும். அந்த விதிக்கு மென்பொருளைத் தயார்செய்யத் தொழிற்சாலைகள் பெரும் பணம் கொடுக்கின்றன.

என்னை அதிகம் நேரம் இருத்தியது கடைசி நிரல், குறிப்பு. ‘கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் 2.10க்குப் போட்டது.’ ‘மழை, கிளினிக் பிந்தி முடிந்தது, மிச்சக் குப்பி 6.00க்குத் திரும்ப வைத்தது.’ ‘புது மருந்து வந்தது, அடுக்க மூடி திறந்திருந்தது.’ காலை மாலை எண்கள் பெரும்பாலும் 4, 5, 4, 5 என்றுதான் போகின்றன. பெட்டியில் நடந்தது எல்லாம் இந்த நிரலில்தான் இருக்கிறது. புதிய கருவியில் குறிப்புக்கு இடமே இல்லை. கருவி வந்ததும் பதிவேட்டை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு அங்கே இருந்தது. கூடாது என்று நான் சொன்னேன், இன்னும் சொல்வேன். குறைந்தது மூன்று ஆம்–இல்லை மாறிகளாவது வேண்டும்: மின்சாரம் இருக்கிறதா, மூடி திறந்திருக்கிறதா, உணரி இணைப்பில் இருக்கிறதா. மூன்றாவதை எல்லாரும் மறப்பார்கள். உணரி கழன்றால் சில கருவிகள் கடைசியாகக் கண்ட எண்ணையே எழுதிக்கொண்டிருக்கும், அதுவும் அழகான 4.2.

மிச்சமிருந்தது எச்சரிக்கைக் குறுஞ்செய்தி யாருக்குப் போவது என்ற கட்டம். நண்பர் அக்காவின் கைபேசி எண்ணை இடப் போனார்.

“என்ர நம்பரைப் போடாதேங்கோ. வாற வருசம் எனக்கு இடமாற்றம். பெட்டி உறைய உறைய எனக்கெல்லோ யாழ்ப்பாணத்தில மெசேஜ் வரும்.”

அவர் சொன்னது சரி. கஷ்டப் பிரதேசம் என்று பெயரெடுத்த இடத்தில் ஆட்கள் வருவதும் போவதும் வழக்கம். அந்தக் கட்டத்தில் ஆளை எழுதக்கூடாது, கடமையை எழுத வேண்டும். பணிமனை பெயரில் ஒரு சிம் வாங்குவது என்று முடிவாயிற்று. சனி, ஞாயிறு, போயா நாட்களில் அந்தத் தொலைபேசியை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதை அடுத்த கடமைப் பட்டியல் போடும்போது பேசுவதாக வைத்திருக்கிறார்கள்.