எண்ணுள் உறையும் நாள்

ஒரு நாளைக் குறித்தற்குத் திங்கட்பெயரும் கிழமைப்பெயரும் வேண்டுமென்பதில்லை. ஓர் எண்ணே போதும். ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு, கலியுகம் தொடங்கி 14,49,087 நாள்கள் சென்றமையைக் கூறித் தன் காலத்தை உணர்த்துகிறது. அது கி.பி. 866ஆம் ஆண்டு என நாம்தாம் கணித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய கணிப்பொறிகளும் இவ்வழியே செல்கின்றன. அவற்றிற்குத் தொடக்கம் 1970 சனவரி முதல் நாள், கிரீனிச் நள்ளிரவு. யுனிக்ஸ் முறையைத் தழுவிய பொறிகள் அன்றுதொட்டுக் கழிந்த நொடிகளை எண்ணி, தம்பால் நிகழும் ஒவ்வொன்றன் அருகிலும் அவ்வெண்ணைப் பதிகின்றன. நூறு கோடி நொடி நிறைந்தது 2001 செப்டம்பர் 9ஆம் நாள்.

இவ்வெண் வெறும் புதுமையன்று. ஒரு பெண்ணின் படிப்பே இதில் சிக்கியதை நான் கண்டதுண்டு. என் அக்காள் மகள் 2022 சூன் 10ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு மேற்படிப்பிற்கு இணையவழி விண்ணப்பித்தாள். அன்று நள்ளிரவே இறுதி. விண்ணப்பம் சூன் 11 காலை 5.10க்கு வந்ததென்று கூறி மறுத்துவிட்டனர். "மாமா, நான் பிந்தவே இல்லை" என்று அவள் கலங்கினாள். செப்பேட்டுக் காலக்கணக்கில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. ஆதலின் மூல எண்ணைக் காட்டுமாறு வேண்டினேன். 1654884600 என்றிருந்தது. ஒரு நாளைக்குரிய 86,400 நொடியால் வகுக்க, 19,153 நாளும் எஞ்சிய 65,400 நொடியும் கிடைத்தன. எஞ்சியது 18 மணி 10 நிமிடம். அது கிரீனிச் நேரம். நமக்குரிய ஐந்தரை மணியைக் கூட்டின் இரவு 11.40. தேடற்கருவி முன்னரே இந்திய நேரமாக மாற்றியிருக்க, வினாவை எழுதியவர் மீண்டும் 19,800 நொடியைக் கூட்டிவிட்டார்! விண்ணப்பம் ஏற்கப்பெற்றது.

ஸ்பிளங்க் முதலிய பதிவுத் தேடற்கருவிகளில் எண்ணை நாளாக்க 'எஸ்டிஆர்எஃப்டைம்' என்னும் சார்பு உண்டு. அது தருவது எண்ணன்று, எழுத்துத்தொடர் என்பதை மறத்தலாகாது. நாளை முன்னும் திங்களைப் பின்னும் வைத்த தொடர்களை வரிசைப்படுத்தினால், பிப்ரவரி 1 வெட்கமின்றிச் சனவரி 15க்கு முன் வந்து நிற்கும். ஆகவே தேடலையும் கழித்தலையும் வரிசையையும் எண்ணிலேயே முடித்து, கண்ணுக்குக் காட்டுங்கால் மட்டும் நாளாக்குவதே முறை. இலக்கங்களையும் எண்ணுதல் வேண்டும்: இக்காலத்து எண் 10 இலக்கமாயின் நொடி; 13 ஆயின் நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறு. மேற்கண்ட எண்ணை அக்கூறாகக் கொண்டால் அவ்விண்ணப்பம் 1970 சனவரி 20க்குப் போய்விடும். அவள் தாய்க்கே அப்போது மணமாகவில்லை.

முப்பத்திரண்டு இருமவிடங்களே ஒதுக்கிய பழம் பொறிகளில் இவ்வெண்ணிக்கை, கிரீனிச் நேரப்படி 2038 சனவரி 19 அன்று நிரம்பி, மறுநொடியே 1901 டிசம்பர் 13க்குத் திரும்பும்.