நாட்டுப்புறப் பாட்டுக்கு எப்படிப் படம் எடுப்பது?



நாட்டுப்புறப் பாடல்களுக்காக எடுக்கப்படும் காணொளிகளைக் கலைப்படைப்பு என்று கொள்ளலாமா என்னும் பேச்சு அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்தது. "பாட்டுதான் கலை, படம் அதற்குப் போட்ட சட்டை" என்றார் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர். அவர் கூற்றில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். சட்டையாகவே இருக்கட்டும். அது பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையா, எங்கோ இரவல் வாங்கியதா என்று பார்க்க வேண்டாமா?

கம்போங் ராஜாவில் இருப்பவர்கள் இதை ஆராய நூலகம் தேடிப் போக வேண்டியதில்லை. ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் ஏறி வருகிறவர்களுக்குக் கேமரன் மலையின் நுழைவாயில் நம் ஊர்தான். விடுமுறை நாள்களில் படக்கருவிகளோடு வருகிறவர்களைப் புளூவேலிப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் அடிக்கடி காணலாம். திருமணப் படம் எடுப்போர் ஒரு பக்கம். பாட்டுக்குப் படம் எடுப்போர் மறுபக்கம். அந்தப் பாட்டுப் படங்களில் தவறாமல் ஒரு பெண் வருவாள். பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ, முதுகில் கூடை. கூடை காலியாக இருக்கும். காலிக் கூடையைச் சுமப்பவளின் முதுகும் நிறைந்த கூடையைச் சுமப்பவளின் முதுகும் ஒன்றுபோல் நிற்பதில்லை என்பது கொழுந்து கிள்ளிய குடும்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். நடிக்க வந்த பெண்ணின் விரலோ செடியின் பக்கவாட்டில் முற்றிய இலையைப் பறிக்கும். கொழுந்து செடியின் மேல்மட்டத்தில் அல்லவா இருக்கிறது! இரண்டு இலை, ஒரு மொட்டு. முற்றிய இலையைப் போட்டுக்கொண்டு நிறுவைக்குப் போனால் அந்தக் காலத்தில் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பனியில் நனைந்த செடிகளுக்கிடையே நடக்க இடுப்பில் சாக்கோ நெகிழித்தாளோ கட்டாமல் எவரும் காட்டுக்குள் இறங்கியதில்லை. அந்தச் சாக்கைப் படங்களில் நான் கண்டதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று இந்த மலையில் கையால் கொழுந்து கிள்ளுவதே அரிதாகிவிட்டது. கத்தரியால் வெட்டுகிறார்கள், ஏற்ற இடங்களில் இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் இயந்திரம் வெட்டுகிறது. அதைச் செய்வோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஆகவே கூடை சுமக்கும் தமிழ்ப்பெண் என்பது கடந்த காலத்தின் படம். கடந்த காலத்தைப் படமாக்குவதில் குற்றமில்லை. ஆனால் அதை வாழ்ந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அழகாக எடுக்கக் கூடாது என்று சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். மார்ச் 2021இல் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' காணொளியில் ஒப்பனை உண்டு, அணிகலன் உண்டு, கூட்டு நடனம் உண்டு. சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் தீயும் அறிவும் பாடிய பாடல் அது. படத்தை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். ஏ. ஆர். ரகுமான் துணையோடு தொடங்கப்பட்ட 'மாஜா' தளத்தின் வழியாக வெளிவந்தது. நம் பிள்ளைகளுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தப் பாடல் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிறந்தது என்று வகுப்பில் சொன்னபோது ஒருவர்கூட நம்பவில்லை.

எழுதிய அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அந்தத் தலைமுறைக்கு நேர்ந்ததைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஏறத்தாழ ஒன்பதே முக்கால் இலட்சம் பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. சரக்கைப் பிரிப்பதுபோல் பிரித்த அந்தக் கணக்கில் எத்தனை குடும்பங்கள் உடைந்தன என்பதை மலையக எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மண்ணைப் பொன்னாக்கிவிட்டுக் கையில் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் கப்பலேறியவர்களின் குரல்தான் அந்தத் துள்ளல் பாட்டுக்குள் ஒப்பாரிச் சாயலோடு ஒளிந்திருக்கிறது.

'எஞ்சாமி' என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. 'என் சாமி' என்பதன் பேச்சுவடிவம். நிலக்கிழாரின் முன் கைகட்டி நின்றவரும் அதைச் சொன்னார். பேரனை மடியில் போட்டுக் கொஞ்சிய பாட்டியும் அதையே சொன்னாள். ஒரே சொல் பணிவுக்கும் பாசத்துக்கும். (இலக்கணப் பாடத்தில் இத்தகைய எடுத்துக்காட்டு தேடினாலும் கிடைக்காது.)

அந்தக் காணொளியில் வள்ளியம்மாளே தோன்றுகிறார். என் பார்வையில் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் உள்ள ஆடையும் அணியும் அவரைச் சேர்ந்தவர்களை அரசகுடியினரைப்போல் உயர்த்திக் காட்டுகின்றன. ஆனால் நடிகையொருத்தியைப் பாட்டியாக்கி உட்கார வைத்திருந்தால் அத்தனையும் வெறும் ஒப்பனையாகப் போயிருக்கும். பாட்டின் பொருளை வாழ்ந்து முடித்த முகம் ஒன்று நடுவில் இருப்பதால் அந்த அலங்காரத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

அமெரிக்க நாட்டுப்புறத்தில் வேர்கொண்ட கன்ட்ரி இசையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஆர்கன்சா மாநிலத்துப் பருத்திக் காட்டில் சிறுவயதில் பஞ்சு பொறுக்கி வளர்ந்த ஜானி கேஷ், தம் கடைசிக் காலத்தில் 'ஹர்ட்' என்னும் பாடலைப் பாடினார். பாடல் அவருடையதன்று, 1994இல் வெளிவந்த வேறொரு குழுவினரின் பாடல். மார்க் ரோமனெக் என்பவர் அதற்குப் படம் எடுத்தார். நடனமோ கதையோ அதில் இல்லை. மூடிக் கிடந்து பாழடைந்திருந்த கேஷின் அருங்காட்சியகமும், மேசைமுன் அமர்ந்திருக்கும் அந்த முதியவரும், மாடிப்படியில் நின்று அவரைப் பார்க்கும் மனைவி ஜூன் கார்ட்டரும்தாம் இருக்கிறார்கள். ஜூன் 2003 மே மாதத்தில் மறைந்தார். கேஷ் அதே ஆண்டு செப்டம்பரில். அந்தப் படம் குறும்படப் பிரிவில் கிராமி விருது பெற்றது. மொழி முற்றிலும் புரியாத என் தாயாரிடம் ஒருநாள் அதைக் காட்டினேன். "இந்தம்மாவுக்கு அவர் போயிடப் போறாருன்னு தெரியுது" என்றார். உண்மையில் முந்திக்கொண்டது அந்த அம்மையார்தான். இருந்தாலும் பாட்டு சொன்னதை முகம் சொல்லிவிட்டதல்லவா?

நடிகர்களை வைத்தே எடுத்தாலும் உண்மையாக எடுக்க முடியும் என்பதற்குப் பாலாவின் 'பரதேசி' (2013) சான்று. பி. எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' என்னும் நாவலைத் தழுவிய படம்; தமிழில் 'எரியும் பனிக்காடு'. பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டவர்கள் நாள்கணக்கில் நடந்தே தோட்டத்துக்குப் போகும் பகுதியில் அவர்கள் உடம்பில் இருக்கும் துணியைப் பாருங்கள். சாக்குபோல முரடான துணி. அந்த ஆடை வடிவமைப்புக்காகவே பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கிழிசலை வடிவமைப்பதற்கும் படிப்பு வேண்டும்.

மீண்டும் 'என்ஜாய் எஞ்சாமி'க்கு வருகிறேன். அந்தப் பாட்டைச் சுற்றி எழுந்த பூசலையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாடலைப் பாடினார்கள். அங்கும் அறிவு இல்லை. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அறிவு எழுதினார். அது கூட்டு முயற்சி என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கம் தந்தார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணன், மூன்றாண்டாகியும் அப்பாடலால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற நான் யார்? ஆனால் பெயரற்றவர்களைப் பற்றிய ஒரு பாட்டிலேயே பெயர் யாருடையது என்ற வழக்கு வந்தது. நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்று நாம் பாடநூலில் ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெயர் இல்லாமல் போனதா, யாரும் கேட்டு எழுதாமல் போனதா?

நம் நாட்டில் முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தோட்டத்துப் பாடல்களை நினைவிலிருந்து மீட்டு நூலாக்கியிருக்கிறார்கள். அவருடைய 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் இருக்க வேண்டியது. எனினும் அச்சில் ஏறிய பாட்டுக்கு மூச்சு இல்லை. எந்த இடத்தில் பாட்டி நிறுத்துவாள், எந்தச் சொல்லில் குரல் உடையும் என்பதைத் தாள் காட்டாது. அதைக் காணொளி காட்டும்.

அதனால்தான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு சிறு முயற்சி ஒன்றில் இறங்கினோம். மாணவி ஒருத்தியின் பாட்டி, எழுபது கடந்தவர், கொழுந்துக் காட்டில் உழைத்து ஓய்ந்தவர். கைப்பேசியோடு மூன்று மாணவர்களும் நானும் போனோம். பட்டுச்சேலை கட்டித் தேயிலைச் சரிவில் நின்று பாட வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். பாட்டி சிரித்துவிட்டார்.

"கொழுந்துக் காட்டுல பட்டுப் பொடவையா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க டீச்சரம்மா."

வீட்டிலேயே உட்கார்ந்தார். பாட்டு வரவில்லை. முதல் அடி வந்தது, அப்புறம் முழித்தார். "மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, சமைக்க வைத்திருந்த கீரைக் கட்டை எடுத்து நுனி கிள்ளத் தொடங்கினார். நான்கைந்து தண்டு கிள்ளியிருப்பார். பாட்டு தானாக வந்தது. முழுதாக வந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் போகிற வேகத்துக்குத் தாளம் அமைந்திருந்தது. கைப்பேசி பிடித்திருந்த மாணவன், நான் எதுவும் சொல்லாமலே, முகத்திலிருந்து கைக்கு இறங்கினான். அவனுக்கு யாரும் படக்கலை கற்றுத்தரவில்லை.

சிக்கல் பிறகு வந்தது. பெற்றோர் சந்திப்பு நாளில் இதைத் திரையிடலாம் என்று புலனக் குழுவில் அறிவித்தபோது அந்த மாணவியின் தந்தை பள்ளிக்கே வந்துவிட்டார். ஈப்போச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர். கோபமாகப் பேசவில்லை.

"எங்கம்மா கொழுந்து கிள்ளினத நாங்க மறைக்கல டீச்சர். ஆனா எம்மவள அந்தக் கூடையோட சேர்த்து யாரும் பார்க்க வேணாம். இடைநிலைப் பள்ளியில என்னைத் தோட்டத்துப் பையன்னு கூப்பிட்டது இன்னும் காதுல இருக்கு."

அவரை எப்படிக் குறை சொல்வது? பாட்டியின் பாட்டு பேத்திக்கு உரியது என்று மேடையில் பேசிவிடலாம். அந்தப் பெயரைச் சுமந்து பேருந்தில் போகப் போகிறவள் அவள்தானே. படத்தை முதலில் நீங்கள் பாருங்கள், வேண்டாமென்றால் அழித்துவிடுகிறேன் என்று சொல்லிக் கைப்பேசியைக் கொடுத்தேன். இரண்டு முறை பார்த்தார். தம் தாயார் இப்படிப் பாடுவார் என்பதே தமக்குத் தெரியாது என்றார். "நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள பெரட்டுக்குப் போயிடுவாங்க. வேலைக்காட்டுல பாடினா எனக்கு எப்படிக் கேட்கும்?"

மகள் முகம் தெரியும் பகுதிகளை நீக்கித் தருமாறு கேட்டார். நீக்கினோம். இப்போது படத்தில் அவள் இல்லை, இடையில் ஓரிடத்தில் "அப்புறம் பாட்டி?" என்று கேட்கும் குரல் மட்டும் இருக்கிறது. அதை நீக்க அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீக்கிய பிறகு படம் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று. "எம்பேரைப் பெருசா போடுங்க. அங்க நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க." முதலில் அவர் பெயர், அதன்கீழ் அவர் வேலை செய்த ஆண்டுகளின் எண்ணிக்கை, அதற்குப் பிறகே பள்ளியின் பெயர் என்று எழுத்துகளை அமைத்தோம். படத்தை வலையொளியில் ஏற்றவில்லை. அந்தக் குடும்பம் விரும்பினால் ஏற்றட்டும்.

திரையிட்டதற்குப் பின் மேலும் இரண்டு குடும்பங்கள் அழைத்திருக்கின்றன. ஒரு வீட்டுப் பாட்டிக்கு ஒப்பாரி தெரியும். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். வீட்டுக்கு வெளியே, காய்கறித் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்தால் பாடுவாராம். கைப்பேசி தயாராக இருக்கிறது. இரண்டு வாரமாக மழைதான் விடவில்லை.