பில்லில் ஒட்டிக்கொண்ட 12 சதவீதம்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சி ப்ரோக்ராமில் என்ன வேலைன்னு கேட்பீங்க. விவகாரம் வரியில் ஆரம்பிச்சது, அதனால் என்னையும் கூப்பிட்டாங்க :-)

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12 சதவீத அடுக்கு போய், கல் சிற்பங்களுக்கு 5 ஆனது. மாமல்லபுரத்தில் சிற்பக் கடை வைத்திருக்கும் நண்பன் வீட்டில், அவனே எழுதிய சின்ன மென்பொருளில்தான் பில் போடுவார்கள். காலை 11 மணிக்கு 12ஐ அழித்து 5 என்று மாற்றினான். மேக் கட்டளை கொடுத்தான். பில் எடுத்தால் மறுபடியும் 12! அதிகமாக வசூலித்த வரியை அரசுக்குக் கட்டியே ஆகணும், வாங்கினவருக்கும் பதில் சொல்லணும். கடையில் ஆள் நிற்குது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

ப்ரோக்ராமில் தப்பே இல்லை. மேக், 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. அது கோப்பைத் திறந்து படிக்காது, நேரத்தை மட்டும் பார்க்கும். மூலக் கோப்பு, கம்பைல் செய்த கோப்பைவிடப் புதுசா இருந்தால்தான் மறுபடி கம்பைல் செய்யும். வவுச்சரைப் படிக்காமல் தேதியை மட்டும் பார்த்து பாஸ் பண்ணும் குமாஸ்தா மாதிரி.

கம்பைல் ஆன கோப்பின் நேரத்தைப் பார்த்தோம். மாலை 3.30! இன்னும் வராத நேரம். பின்தேதியிட்ட செக் மாதிரி.

காரணம் இதுதான். அந்தக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரத்தில் வைக்கும், லினக்ஸ் அதையே கிரீன்விச் நேரம்னு நினைத்து ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளும். காலை 10 மணிக்கு கடை போன் நம்பரை மாற்றி அவன் கம்பைல் செய்தபோது நெட் இல்லை, அதனால் முத்திரை 3.30. பிறகு நெட் வந்ததும் கடிகாரம் தானே சரியாகிவிட்டது, கோப்பின் முத்திரை அப்படியே நின்றுவிட்டது. 11 மணிக்குத் திருத்தியது மேக் கண்ணுக்குப் பழசு. கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்குன்னு அது எச்சரிக்கவும் செய்தது. எர்ரர் இல்லையேன்னு நண்பன் விட்டுவிட்டான்.

டச் கட்டளையும் உதவாது, அது இப்போதைய நேரத்தைத்தானே போடும்? கம்பைல் ஆன கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி மேக் கொடுத்தோம். பில்லில் 5 வந்தது. மதர்போர்டு கடிகாரம் உள்ளூர் நேரம்தான் என்று டைம்டேட்சிடிஎல் மூலம் லினக்ஸுக்குச் சொல்லி வைத்தோம்.

நீங்க எழுதின மாற்றம் ஓடவே மாட்டேங்குதா? கோடைத் திட்டும் முன் கோப்புகளின் நேரத்தைப் பாருங்க. ஐந்தரை மணி, அதாவது 19800 விநாடி முன்னால் ஓடியிருந்தால் வேற எங்கேயும் தேடாதீங்க.