ஏற்றத்தின் முதல் வளைவு

சைக்கிளில் மாவனெல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும்போது கால் புதிதாக இருக்கும். 300 வாட்டில் மிதித்தாலும் மூச்சு வாங்காது. அந்த வளைவில் ஆசையை அடக்கி 210க்கு இறங்கிக்கொள்வதுதான் பவர் மீட்டர் தரும் பெரிய வித்தை. கப்டன் டோசன் பெயரால் 1832இல் எழுப்பிய கோபுரம் கண்ணில் படும் நேரத்திலும் அதே 210 காலில் மிஞ்சியிருக்க வேண்டும்.

பவர் மீட்டரில், கிராங்கிலோ பெடலிலோ ஒட்டிய உணரிகள், மிதிக்கும்போது உலோகம் மயிரிழை அளவு வளைவதை அளக்கின்றன. அந்த முறுக்குவிசையைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஜெர்மன் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986இல் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கி இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்.

சப்ரகமுவவில் வேகத்தை நம்பிப் பயிற்சி செய்ய முடியாது. எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்ட ரோட்டில் ஒரு திருப்பத்துக்குள் வேகம் பாதியாகிவிடும், உழைப்பு கூடியிருக்கும். நாடித்துடிப்பையும் தனியே நம்ப மாட்டேன். இரத்தினபுரிப் புழுக்கத்தில் வியர்வை காயாது. உடலைக் குளிரவைக்க இரத்தம் தோல் பக்கம் ஓடும், இதயம் கூடுதலாக அடிக்கும். 170 வாட்டை மாறாமல் பிடித்து ஒரு மணி நேரம் ஓட்டினாலும் துடிப்பு 140இலிருந்து 155க்கு ஏறிவிடும். நான் விடாமல் கவனிப்பது இந்த ஏற்றத்தைத்தான். வாரங்கள் போகப்போக, அதே புழுக்கத்தில், அதே வாட்டுக்கு அந்த 15 துடிப்பு குறைந்துகொண்டே வந்தால் அடித்தளம் பலப்படுகிறது. இருபது நிமிடச் சோதனையின் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுத்துப் பயிற்சி எல்லை வகுக்கும் முறையும் நல்லதுதான். ஆனால் லொறியும் பஸ்ஸும் குறுக்கிடாத இருபது நிமிடம் எங்கள் பாதைகளில் அரிது.

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடைக்கு ஏறினால் காற்று குளிரும். சூடு மாறினால் உலோகமும் மாறும், மீட்டர் காட்டும் எண் தவறும். அதனால் இறங்கி நின்று, பெடலில் பாரமில்லாமல், கிராங்கைச் செங்குத்தாக நிறுத்திப் பூச்சியத்தைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த ஏற்றம். இதைச் செய்யாமல் எழுதிவைக்கும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

2022இல் ரூபாய் சரிந்த பிறகு இந்தக் கருவி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் எட்டாமல் போய்விட்டது. அதற்காக வாட் கணக்கு அவர்களுக்கு மூடிய கதவு இல்லை. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 70 கிலோ என்று வையுங்கள். நில அளவைத் திணைக்கள வரைபடத்தின் சம உயரக் கோடுகளைப் பார்த்து 100 மீட்டர் உயரும் ஏற்றம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். 70ஐ 9.8ஆலும் 100ஆலும் பெருக்கினால் 68,600 ஜூல். ஆறு நிமிடத்தில் ஏறினால், அதை 360 விநாடியால் வகுக்க, ஏறக்குறைய 190 வாட். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் போவது இதற்கு மேல். சரிவு கடுமையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு உண்மைக்குக் கிட்ட நிற்கும்; சமதரை கலந்தால் காற்று கெடுத்துவிடும். கொழுந்து மடுவத்துத் தராசில் சைக்கிளை நிறுக்கும்போது தண்ணீர்ப் போத்தலையும் மாட்டியே நிறுங்கள்.